கீழ் டவரில் ஒன்பது

போன மாதம் கோயமுத்தூரில் மகள் வீட்டில் இரண்டு நாள் தங்கியிருந்தேன். புதிதாகக் கட்டிய மாடி வீடு. கீழே ஒன்று, மாடியில் ஒன்று, கார் நிறுத்துமிடத்துக்கு மேலே ஒன்று என்று வெள்ளை நிறத்தில் மூன்று வைஃபை பெட்டிகள் மாட்டியிருக்கிறார்கள். மகள் தன் போனில் ஒரு பட்டியலைத் திறந்து காட்டினாள். வீட்டிலிருக்கும் அத்தனை போன்களும் டிவியும் அதில் வரிசையாக இருந்தன. எது எந்தப் பெட்டியோடு சேர்ந்திருக்கிறது என்றும் பக்கத்திலேயே போட்டிருந்தது.

"பாருங்கம்மா, நீங்க மாடியில இருக்கறீங்கன்னு காட்டுது" என்று சிரித்தாள்.

நான் கீழே சமையலறையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். போன் என் மடியில் கிடந்தது. காலையில் துணி காயப்போட மாடிக்குப் போயிருந்தேன். அப்போது பிடித்த பெட்டியை அது இன்னும் விடவில்லை, அவ்வளவுதான்.

"அது பெட்டியத்தான் சொல்லும், ஆளச் சொல்லாது" என்றேன். சொன்ன வேகம் எனக்கே அதிகமாகப் பட்டது. மகள் சிரிப்பை நிறுத்திவிட்டு, "உங்களுக்கு எப்படிம்மா இதெல்லாம் தெரியும்?" என்று கேட்டாள்.

எனக்கு வைஃபை பற்றி ஒன்றும் தெரியாது. இந்த ஒரு விஷயம் மட்டும் தெரியும். இதை நான் தெரிந்துகொண்ட விதத்தில் ஒரு மனிதருக்கு ஒரு கால் போயிற்று. மகளிடம் அதைச் சொல்லவில்லை. கீரையைக் கழுவப் போய்விட்டேன். இங்கே எழுதிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் மூன்றரை வருடம், வால்பாறைக்கு அப்பால் ஒரு தேயிலை எஸ்டேட்டில் நான் வயர்லெஸ் ஆபரேட்டராக இருந்தேன். எங்கள் வீடு சிங்காநல்லூரில். அதற்கு முன்பு ஒரு பவுண்டரியில் டெலிபோன் போர்டு பார்த்திருந்தேன். எஸ்டேட் வேலைக்கு ஆள் வேண்டுமென்று தெரிந்தவர் ஒருவர் சொன்னபோது அப்பா ஒரு வாரம் பேசாமல் இருந்தார். அம்மாதான், "போகட்டும் உடுங்க, இங்க இருந்தா மட்டும் அடங்கியா கெடக்கப்போறா?" என்றாள். உக்கடத்தில் பஸ் ஏறி, பொள்ளாச்சியில் மாறி, நாற்பது கொண்டை ஊசி வளைவில் பன்னிரண்டாவதிலேயே குடலைக் கக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

அந்த எஸ்டேட்டில் டெலிபோன் கம்பி நிலைக்காது. ஆனை இழுக்கும், மரம் விழும், மழை மாதங்களில் கம்பமே சரிந்துவிடும். அதனால் கையில் பிடித்துப் பேசும் வயர்லெஸ் செட்டுகள் பதினான்கு வாங்கியிருந்தார்கள். மேனேஜருக்கு ஒன்று, பேக்டரிக்கு ஒன்று, ஆஸ்பத்திரிக்கு ஒன்று, கொழுந்து ஏற்றும் லாரிகளுக்கு, சூப்பர்வைசர்களுக்கு என்று ஆளுக்கொரு நம்பர். ஆபீசில் மேஜை மேல் இருக்கும் பெரிய செட்டுக்கு முன்னால் நான். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது ஒவ்வொருவரும் செட்டைப் போட்டு, "நாலு வந்தாச்சு", "ஏழு வந்தாச்சு" என்பார்கள். என் பக்கத்துச் சுவரில் பச்சை பெயிண்ட் அடித்த பலகை. அதில் ஆணிகள். நம்பர் எழுதின வட்டமான தகர வில்லையை எடுத்து ஆணியில் மாட்டுவேன். யாருடைய செட் உயிரோடு இருக்கிறது என்று அந்தப் பலகையைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஆரம்பத்தில் டவர் ஒன்றுதான். பேக்டரிக்கு மேலே ஒரு மேட்டில் நின்றது. கையிலிருக்கும் சின்னச் செட்டின் குரல் மலையைத் தாண்டாது. அந்த டவர் வாங்கி எனக்கு அனுப்பும். மேல் டிவிஷனுக்கு அது போதும். கீழ் டிவிஷன் பள்ளத்தில் இருந்ததால் அங்கே பாதி இடத்தில் கேட்காது. அதனால் நான் சேர்ந்த மறு வருடம், பள்ளத்துக்கு எதிர்த்தாற்போலிருந்த மலையில் இரண்டாவது டவர் வைத்தார்கள். மேல் டவருக்கு ஒன்றாம் சேனல், கீழ் டவருக்கு இரண்டாம் சேனல். செட்டின் தலையிலிருக்கும் திருகைத் திருப்பினால் மாறிக்கொள்ளலாம்.

டவர் வைக்கக் கோயமுத்தூரிலிருந்து வந்த என்ஜினியர்தான் என் பலகையின் நடுவில் வெள்ளையாக ஒரு கோடு போட்டுக் கொடுத்தார். இடது பக்கம் மேல் டவர், வலது பக்கம் கீழ் டவர். எந்த டவர் வழியாக ஒருவர் பேசுகிறாரோ அந்தப் பக்கம் அவருடைய வில்லையை மாட்ட வேண்டும். திரும்ப அவரைக் கூப்பிட வேண்டுமென்றால் எந்தச் சேனலில் கூப்பிடுவது என்று தெரிய வேண்டுமில்லையா, அதற்காக.

கிளம்பும்போது அவர் ஒன்று சொன்னார். "ஏனுங்க, இது ரெண்டு காது வெச்ச மாதிரிதானுங்க. எந்தக் காதுல கேட்டுதுன்னு போர்டு சொல்லும். ஆளு எங்க நிக்கறாருன்னு அதுக்குத் தெரியாதுங்க." நான் அதை நோட்டில்கூட எழுதிவைத்தேன். நல்ல கையெழுத்தில் எழுதி, கீழே கோடும் போட்டேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தைப் புரட்டவே இல்லை.

ஏனென்றால் பத்து நாளில் ஒன்பது நாள் பலகை சொன்னது சரியாகவே இருந்தது. மேல் டிவிஷனில் வேலை செய்பவர்கள் இடது பக்கமும் கீழ் டிவிஷனில் வேலை செய்பவர்கள் வலது பக்கமும்தான் தொங்கினார்கள். ஒருவர் மேலிருந்து கீழே போனால் அவருடைய வில்லையும் இடமிருந்து வலம் போயிற்று. பிறகு யார்தான் டவர், சேனல் என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்கள்? மேனேஜர் ஆபீசுக்குள் நுழைந்ததும் பலகையைப் பார்த்து, "ஓ, மூணு கீழே போயாச்சா" என்பார். நானும், "காலையிலேயே போயாச்சுங்க சார்" என்பேன். வெளியூரிலிருந்து யாராவது வந்தால் கூட்டிக்கொண்டு வந்து காட்டுவார். "மொத்த எஸ்டேட்டும் இந்தச் சுவத்துல இருக்குது" என்று அவர் சொல்லும்போது எனக்குத் தலை கால் புரியாது. என்னை எல்லோரும் அம்மணி என்றுதான் கூப்பிடுவார்கள், அதையும் அம்மணியின் போர்டு என்றே சொல்ல ஆரம்பித்தார்கள். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. முன்கோபமும் தலைக்கனமும் வேண்டிய மட்டும் இருந்தன.

லைனில் நான் கண்டிப்பு. இரண்டு பேர் பேசும்போது மூன்றாவது ஆள் குறுக்கே வந்தால் பிடிக்காது. செட்டை அணைக்கும் முன் சொல்லாமல் அணைத்தால் பிடிக்காது. வில்லை தொங்கிக்கொண்டே இருக்கும், ஆள் வீட்டில் படுத்துத் தூங்கிக்கொண்டிருப்பார். பேச்சு முடிந்த பிறகும் பொத்தானை அழுத்தியே வைத்திருக்கும் லாரி டிரைவர் ஒருவர் இருந்தார். அவர் பாடுகிற பாட்டை எஸ்டேட் முழுவதும் கேட்க வேண்டியிருக்கும். நான் போடுகிற சத்தத்தில் அவர் ஒரு வாரத்துக்குச் செட்டைத் தொட மாட்டார். சாதாரணமாக எல்லோரிடமும் 'ங்க' போட்டுத்தான் பேசுவேன். கோபம் வந்தால் முதலில் அதுதான் பறக்கும்.

ஒன்பதாம் நம்பர் செட், தண்ணீர்க் குழாய்கள் பார்க்கிறவரிடம் இருந்தது. நாற்பது வயதிருக்கும். உடுமலைப் பக்கத்துக்காரர். அவர் மனைவி அதே எஸ்டேட்டில் கொழுந்து பறித்தார். எங்களைப் போன்றவர்களின் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகக் கூலி வேலை செய்த குடும்பம் அவருடையது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பேசிக்கொண்டதில்லை. மலைக்கு வந்த பிறகு எல்லோரும் ஒன்றுதான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இருந்தாலும் அவர் ஆபீசுக்கு வந்தால் கதவுக்கு வெளியே நின்றே பேட்டரியை நீட்டுவார். "உள்ள வாங்க" என்று நானும் இரண்டு தடவை சொல்லியிருப்பேன். மூன்றாவது தடவை சொன்னதாக நினைவில்லை.

அவருக்கு இரண்டு இடத்தில் வேலை. மேல் டிவிஷனில் ஒரு பாறைக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி இருந்தது. கீழ் டிவிஷனில் ஓடைக்கரையில் பம்ப் ஹவுஸ். மழைக்காலத்தில் தொட்டிக்கு வரும் குழாயில் இலையும் சேறும் அடைத்துக்கொள்ளும். காலையில் போய் எடுத்துவிட்டு, மத்தியானத்துக்கு மேல் பம்ப் ஹவுசுக்கு வருவார். லைனில் வந்தால் ரொம்பப் பணிவாகப் பேசுவார். "அம்மணி, ஒம்பது பேசறேனுங்க, தொந்தரவுக்கு மன்னிக்கோணுங்க" என்றுதான் எப்போதும் ஆரம்பிப்பார். தண்ணீர்க் குழாய் உடைந்ததைச் சொல்வதில் என்ன தொந்தரவு என்று நான் சிரிப்பேன்.

அன்றைக்கு ஆடி மாதத்து மழை. ஒரு வாரமாக விடவில்லை. மூன்று நாளாகக் கரண்ட் வருவதும் போவதுமாக இருந்ததால் பேட்டரிகள் எல்லாம் அரை வயிற்றோடு இருந்தன. காலையில் ஒன்பது, மேல் டவரில் வந்து, "தொட்டிக்குப் போறேனுங்க" என்றார். வில்லையை இடது பக்கம் மாட்டினேன்.

பதினொரு மணி இருக்கும். கீழ் டவரில், இரண்டாம் சேனலில், அவர் குரல் வந்தது. இரைச்சலுக்கு நடுவே துண்டு துண்டாகக் கேட்டது.

"அம்மணி... ஒம்பது... வழுக்கி உளுந்துபோட்டேனுங்க... காலு..."

அதோடு நின்றது.

"ஒன்பது, எங்க இருக்கறீங்க? எங்க இருக்கறீங்கன்னு சொல்லுங்க" என்று நான் கத்தினேன். பதில் இல்லை. மறுபடி கத்தினேன். இரைச்சல்தான் வந்தது. கை தன்பாட்டுக்கு எழுந்து, ஒன்பதாம் நம்பர் வில்லையை இடது பக்கத்திலிருந்து எடுத்து வலது பக்கம் மாட்டியது.

மேனேஜர் அடுத்த அறையிலிருந்து ஓடி வந்தார். "எங்கே?" என்றார்.

"கீழ் டிவிஷன் சார். பம்ப் ஹவுஸ் பக்கம்."

"நிச்சயமா?"

"கீழ் டவர்லதான் சார் வந்துது. போர்டப் பாருங்க."

அவர் பார்த்தார். ஒன்பது வலது பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. நான் மாட்டி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. என் கையால் மாட்டியதை நானே சாட்சியாகக் காட்டினேன், அவரும் நம்பினார்.

எட்டு ஆள்கள் இரண்டு செட்டோடு கீழ் டிவிஷனுக்குப் போனார்கள். பம்ப் ஹவுசில் அவர் இல்லை. ஓடையில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு போகிறது, அடித்துக்கொண்டு போயிருக்குமோ என்று ஒருவர் கேட்டார். நான் இரண்டாம் சேனலில் உட்கார்ந்து அவர்களை நடத்திக்கொண்டிருந்தேன். "பாலத்துக்குக் கீழ பாருங்க", "குழாய் போற வழியிலயே நடங்க", "ஒன்பது அங்கதான் இருக்கறாரு, நல்லாப் பாருங்க" என்று நிமிடத்துக்கு ஒருமுறை சொன்னேன். பயம் ஒரு பக்கம் இருந்தாலும் என் வேலையை நன்றாகச் செய்கிறேன் என்ற எண்ணமும் உள்ளே இருந்தது. அதை மறைத்துப் பிரயோசனமில்லை.

நடுவே லைனில் ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. டக் என்று ஒன்று. கொஞ்சம் விட்டு, டக், டக் என்று இரண்டு. யாரோ பொத்தானை அழுத்தி அழுத்தி விடுவதுபோல. தேடப் போனவர்கள் பேசும்போது சரியாக அந்தச் சத்தம் குறுக்கே விழுந்து, பாதி வார்த்தையைத் தின்றது. முதலில், "லைன ஃப்ரீயா விடுங்க" என்றேன். நிற்கவில்லை. டக், டக், டக். பாட்டுப் பாடுகிற லாரி டிரைவர்தான் செட்டை மடியில் போட்டுக்கொண்டு அழுத்துகிறார் என்று நினைத்தேன். எனக்குத் தலைக்கேறிவிட்டது.

"யாரது டக்கு டக்குன்னு அழுத்தறது? அறிவில்ல? இங்க ஒரு உசுருக்குத் தேடிட்டு இருக்கறோம். வெய்யி செட்ட கீழ!"

சத்தம் நின்றுபோயிற்று. அதற்குப் பிறகு வரவே இல்லை. அப்பாடா என்று இருந்தது எனக்கு.

பன்னிரண்டரைக்கு ஒன்பதாம் நம்பர்காரரின் மனைவி வந்தார். பறிக்கும் காட்டிலிருந்து நேராக ஓடி வந்திருந்தார். தலையிலிருந்து முழங்கால் வரைக்கும் போர்த்தியிருந்த பிளாஸ்டிக் தாளிலிருந்து தண்ணீர் ஆபீஸ் தரையெல்லாம் ஒழுகியது. கெண்டைக்காலில் இரண்டு அட்டைகள் ஒட்டியிருந்தன, அவர் கவனிக்கவில்லை.

"அம்மணி, கீழ தேடறாங்கன்னாங்க. அவரு தொட்டிக்கில்லீங்களா போனாரு? பாறைக்கிட்டத்தானுங்க போறேன்னு சொல்லிட்டுப் போனாரு."

"காலையில தொட்டிக்குத்தான் போனாருங்க. அப்புறம் கீழ எறங்கி வந்துட்டாரு" என்றேன்.

"எறங்கி வந்தா எங்க காட்டத் தாண்டித்தானுங்க வரோணும். நாங்க இருவது பேரு அங்கதான் நின்னுட்டிருக்கறோம். யாரும் பாக்கலீங்களே."

"மழையில தெரிஞ்சிருக்காது. இங்க பாருங்க, இந்தப் பக்கம் இருந்தா கீழ் டிவிஷன்." பலகையில் வலது பக்கத்தைத் தொட்டுக் காட்டினேன். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் புரிய வைக்கிற பொறுமையோடு காட்டினேன்.

அவர் பலகையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். இரண்டாம் சேனலில் யாரோ கூப்பிட, நான் திரும்பிவிட்டேன். மறுபடி பார்த்தபோது அவர் அங்கே இல்லை. தரையில் தண்ணீர் மட்டும் தேங்கியிருந்தது.

அவர் போனது மேலே. தன்னோடு பறிக்கிற இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு, வழுக்குகிற அந்தப் பாதையில் தொட்டிக்கு ஏறினார். தொட்டி வரைக்கும் ஆள் இல்லை. தொட்டியைத் தாண்டி, குழாய் வருகிற வழியில், பாறைக்குப் பின்னால் இரண்டு கல்லுக்கு நடுவே கிடந்தார் கணவர். முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து வெளியே வந்திருந்தது. தலைத்துண்டைக் கிழித்து முழங்காலுக்கு அடியில் தானே இறுக்கிக் கட்டியிருந்தார். அதனால்தான் ரத்தம் நின்று உயிர் இருந்தது. ஆனால் அத்தனை நேரமும் அந்தக் கட்டு அப்படியே இருந்தது. சாக்கில் கம்பு கோத்து அவரைத் தூக்கிக்கொண்டு வந்து ஆஸ்பத்திரி ஜீப்பில் ஏற்றும்போது மணி நாலாகியிருந்தது.

பொள்ளாச்சிக்குப் போய், அங்கிருந்து கோயமுத்தூர். மறுநாள் முழங்காலோடு காலை எடுத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. கட்டு போட்ட இடத்துக்குக் கீழே ரத்த ஓட்டம் நின்று நேரமாகிவிட்டதாம். மத்தியானத்துக்குள் கொண்டு வந்திருந்தால் காப்பாற்றப் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதாக, கூடப் போன எங்கள் கம்பவுண்டர் வந்து சொன்னார். பதினொரு மணிக்கு விழுந்த ஆள். தொட்டி ஆபீசிலிருந்து முக்கால் மணி நேர நடை.

நான் அந்தப் பாறைக்கு அதற்கு முன்பு போனதே இல்லை. அடுத்த வாரம் மழை விட்ட ஒரு நாள் செட்டை எடுத்துக்கொண்டு தனியாக ஏறினேன். அவர் கிடந்த கல்லுக்கு நடுவே உட்கார்ந்து ஒன்றாம் சேனலில் பேசிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. யானை மாதிரி நிற்கும் அந்தப் பாறை மேல் டவரை முழுக்க மறைத்திருந்தது. எதிரே பார்த்தால் பள்ளத்துக்கு அந்தப் பக்கம், வெகு தூரத்தில், கீழ் டவர் குச்சி மாதிரித் தெரிந்தது. இரண்டாம் சேனலில் கூப்பிட்டேன். பேக்டரியிலிருந்து பளிச்சென்று பதில் வந்தது. அவருக்கு இது தெரிந்திருக்கிறது. அந்த இடத்தில் மேல் டவர் கிடைக்காது என்று தெரிந்துதான், விழுந்து கிடந்த அந்த வலியிலும் திருகைத் திருப்பி இரண்டாம் சேனலில் கூப்பிட்டிருக்கிறார். காட்டில் நடக்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும் தெரியவில்லை. எனக்கும் சொல்லியிருந்தார்கள். நோட்டில் இருந்தது.

மேனேஜர் மேலிடத்துக்கு எழுதின ரிப்போர்ட்டில், பேட்டரி தீர்ந்துபோனதால் இருந்த இடத்தைச் சொல்ல முடியவில்லை என்று இருந்தது. நானும் கையெழுத்துப் போட்டேன். "உங்க தப்பு எதுவுமில்ல" என்று அவர் இரண்டு தடவை சொன்னார். பொய் ஒரு வரிகூட அதில் இல்லை. மனைவி வந்து சொன்னதும், நான் பலகையைக் காட்டியதும் அதில் இல்லை, அவ்வளவுதான்.

இரண்டு மாதம் அதை வயிற்றில் வைத்துக்கொண்டு திரிந்தேன். புரட்டாசியில் லீவு எடுத்துக்கொண்டு சிங்காநல்லூர் வந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிக்கொள்ள வசதியாக அவரும் மனைவியும் உக்கடத்தில், குளத்துக்குப் பின்னால் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். சாத்துக்குடியும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு ஒரு காலை நேரம் போனேன். அம்மாவிடம் கோயிலுக்கு என்று சொன்னேன்.

ஒரே அறை. அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். இல்லாத காலை ஊன்றப் போனார். மனைவி தோளைப் பிடித்து உட்கார வைத்தார். "அம்மணி, நீங்க எதுக்குங்க இவ்வளவு தூரம்" என்றார் அவர். ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தெரியும்.

எல்லாவற்றையும் சொன்னேன். என்ஜினியர் சொன்னது, நான் எழுதி வைத்தது, வில்லையை மாற்றி மாட்டியது, கீழ் டிவிஷன் என்று அடித்துச் சொன்னது, பாறைக்குப் போய்ப் பார்த்தது, ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டது. "என்னாலதானுங்க உங்க காலு போச்சு" என்றேன்.

மனைவிதான் முதலில் பேசினார். குரலை உயர்த்தவில்லை.

"நான் வந்து சொன்னப்பவாவது கேட்டிருக்கலாமுங்க. படிக்காதவ சொல்றான்னு உட்டுப்போட்டீங்க."

"ஆமாங்க" என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாத்துக்குடிப் பையை மூலையில் வைத்தார். அந்தப் பையை அவர்கள் தொட்டிருப்பார்களா என்று எனக்குத் தெரியாது.

"உடு, வந்தவங்ககிட்டப் போயி" என்று மனைவியை அடக்கினார் அவர். பிறகு என்னைப் பார்த்து, "எனக்குத் தெரியுமுங்க அம்மணி. நீங்க கீழ தேடச் சொன்னதெல்லாம் கேட்டுட்டுத்தானுங்க கெடந்தேன்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. பேட்டரி தீர்ந்துவிட்டதே என்றேன்.

"பேசத்தானுங்க முடியல. கேக்கறது நல்லாவே கேட்டுது. பேட்டரி எறங்கிப்போனா அப்பிடித்தானுங்க, பேச்சு போகாது, காது மட்டும் இருக்கும். பாலத்துக்கடியில பாருங்கன்னீங்க. குழாய் வழியில நடங்கன்னீங்க. ஒம்பது அங்கதான் இருக்கறாருன்னு நீங்க சொல்லச் சொல்ல, இல்லீங்க அம்மணி, மேல இருக்கறேன்னு நானும் சொல்லிட்டுத்தானுங்க இருந்தேன், வாயால. செட்டுல போகல." சிரிக்க முயன்றார். "அப்புறம் பொத்தான அமுக்கிப் பாத்தேன். பேச்சு போகாட்டியும் சத்தமாவது போகுமேன்னு. போச்சுங்களே, உங்களுக்குக் கேட்டுதுங்களே?"

கேட்டது. டக், டக், டக். இரண்டு மாதமாகியும் நான் அதை ஒரு தடவைகூட நினைத்துப் பார்த்திருக்கவில்லை. என் கணக்கில் அது லாரி டிரைவரின் சேட்டை.

நாற்காலியில் உட்கார்ந்தேன். "ஏனுங்க நிறுத்துனீங்க?" என்று கேட்டேன். "அமுக்கிட்டே இருந்திருந்தா யாராவது, எப்பவாவது... ஏனுங்க நிறுத்துனீங்க?" நான் திட்டியதால் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டேன். வேறு ஏதாவது காரணம் சொல்லிவிட மாட்டாரா என்று இருந்தது.

அவர் குற்றம் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிறவராக, அந்தப் பழைய பணிவோடு சொன்னார்.

"நீங்க செட்டக் கீழ வெக்கச் சொன்னீங்களே, வெச்சுட்டேனுங்க. அத்தன பேரு மழையில நின்னு ஒரு ஆளத் தேடிட்டிருக்கறாங்க, நடுவுல நான் எதுக்குங்க எடஞ்சலான்னு."